பதினொரு நேர்காணல்களும் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்ட்டும்

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு என்னத்துக்குக் கிராபிக்ஸ் கார்ட் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேம் விளையாடுகிறவர்களுக்கும் கட்டடப் படம் கீறுகிறவர்களுக்கும் உரிய சாமான் அது என்பது பொதுவான எண்ணம். கட்டுரை தட்டுவதற்கும் பி.டி.எஃப் வாசிப்பதற்கும் அது தேவையில்லைத்தான். ஆனால் எங்களைப் போன்றவர்களின் வேலை இப்போது அதோடு நிற்பதில்லை. கூத்தைப் பதிவு செய்கிறோம், வாய்மொழி வரலாறு சேகரிக்கிறோம், குறும்படம் வெட்டுகிறோம். வீடியோவை எடிட் செய்ய உட்கார்ந்தால் முதலில் திணறுவது அந்தக் கார்ட்தான்.

நாங்கள் நாலு பேர். யாழ்ப்பாணத்தில் கம்பஸுக்குக் கிட்ட ஒரு வீட்டின் பின்பக்க அறைகளில் வாடகைக்கு இருக்கிறோம். 2023இல் நாலு பேரும் காசு போட்டு இரண்டாங்கையாக ஒரு டெஸ்க்டொப் வாங்கினோம். மூன்றாம் தலைமுறை ஐ5 புரொசெசர், 8 ஜி.பி. ரம், 2012ஆம் ஆண்டு மொடல் கிராபிக்ஸ் கார்ட் ஒன்று, பழைய வி.ஜி.ஏ மொனிட்டர். லப்டொப் வாங்கலாமே என்று கேட்கலாம். 2022 பங்குனித் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. வைகாசியில் அது 350ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு புது லப்டொப் என்பது எங்கட வீடுகளில் கதைக்கிற விஷயமாகவே இருக்கேல்லை. அதே காசுக்கு வீடியோ வெட்டக்கூடிய ஒரு பழைய டெஸ்க்டொப் கிடைத்தது.

அதில் இருந்தவை பதினொரு நேர்காணல்கள். எங்களில் இருவருடைய இறுதியாண்டு ஆய்வுக்காக எடுத்தவை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வீடு நடத்திய அம்மாக்கள், அம்மம்மாக்கள். மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்ட கதையைப் பதினொரு பேரில் ஏழு பேர் சொல்லியிருந்தார்கள். ஒருவர் மட்டும், மிதிப்பது எப்போதும் தானென்றும் செய்தி கேட்பது எப்போதும் அவரென்றும் சொல்லிச் சிரித்தார். அந்த அம்மம்மா 2024 தை மாதம் இறந்துபோனார். அவருடைய நேர்காணல் கடைசியாக எடுத்த மூன்றில் ஒன்று. முதல் எட்டுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி இருந்தது. கடைசி மூன்று கணினியில் மட்டும்.

சித்திரையில் பிரச்சினை தொடங்கியது. எடிட் செய்து கொண்டிருக்கும்போது திரையில் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள் வரும். பிறகு திரை கறுக்கும். குரல் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் கணினியை ஓன் பண்ணினால் காற்றாடிகள் சுற்றின, லைற் எரிந்தது, மொனிட்டரில் ஒன்றுமில்லை. 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் மிதந்து கொண்டிருந்தது. ஆய்வு ஒப்படைக்க ஏழு கிழமை இருந்தது.

ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். பெட்டியின் மூடியைத் திறக்காமலே விடை வந்தது. "தங்கச்சி, இது பழைய சாமான். போர்ட் அடிச்சிட்டுது. புதுசு எடுக்கிறதுதான் நல்லம்." புதுசு என்றால் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். எப்படி போர்ட் என்று தெரியும் எனக் கேட்டோம். "வீட்டில ஆரும் பொடியள் இருந்தா வரச்சொல்லுங்கோ, விளங்கப்படுத்திறன்" என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. பத்து வருடப் பழைய கணினியில் இரண்டு மணித்தியாலம் மினக்கெட்டால் அவருக்கு மிஞ்சுவது ஆயிரமோ இரண்டாயிரமோ ரூபா. அடுத்த கிழமை வேறொன்று பழுதானால் அதற்கும் பழி அவருக்குத்தான். ஆனாலும், விளங்கப்படுத்துவதற்கு ஒரு பொடியன் வேண்டும் என்ற கதை எங்களை அந்தப் பெட்டியை ஓட்டோவில் ஏற்றித் திரும்பக் கொண்டுவர வைத்தது.

தமிழில் இதைப்பற்றித் தேடினால் எங்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் வீடியோக்கள் நிறைய. அவற்றில் பாதி ஒன்றையொன்று மறுக்கும். ஆகவே நடந்த கதையோடு, எந்த ஒழுங்கில் பார்க்கலாம் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறோம்.

முதலில் பயத்தைப் பிரிக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்ட் படத்தைத் திரைக்கு அனுப்புகிற உறுப்பு. கோப்புகள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். கார்ட் செத்தாலும் ஹார்ட் டிஸ்க் அதுபாட்டுக்கு இருக்கும். திரை கறுத்தவுடன் எல்லாம் போச்சுது என்று எங்களில் ஒருத்தி அழுதாள். இந்த ஒரு வசனம் தெரிந்திருந்தால் அந்த இரவு நித்திரை வந்திருக்கும்.

இரண்டாவது, ஐமிச்சத்துக்குரியவர்களின் பட்டியல். படம் வராததற்கு மொனிட்டர், வயர், கார்ட், மதர்போர்ட், ரம், பவர் சப்ளை என்று எதுவும் காரணமாகலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், பார்க்க வேண்டும், எழுத வேண்டும். நாங்கள் ஒரு கொப்பி வைத்தோம். திகதி, நேரம், என்ன செய்தோம், என்ன நடந்தது. நேர்காணலுக்குக் களக்குறிப்பு எழுதிப் பழகிய கைகளுக்கு அது கஷ்டமாக இருக்கேல்லை.

எங்கட புரொசெசரில் உள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. அந்தத் தலைமுறை ஐ3, ஐ5களில் பெரும்பாலானவற்றில் இருக்கும். மதர்போர்ட்டின் பின்பக்கம் வி.ஜி.ஏ அல்லது எச்.டி.எம்.ஐ துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாங்கள் மின்சார வயரைச் சுவரிலிருந்து கழற்றினோம். பவர் பொத்தானைச் சில செக்கன் அழுத்திப் பிடித்து மிச்ச மின்னை வடியவிட்டோம். பெயின்ற் அடிக்காத இரும்புப் பகுதியைத் தொட்டு உடம்பிலிருக்கும் நிலைமின்னை இறக்கினோம். கார்ட்டைப் பிடித்திருக்கும் திருகாணியைக் கழற்றி, துளையின் நுனியிலுள்ள சின்னக் கொழுக்கியை அமத்தி, கார்ட்டை நேராக வெளியே எடுத்தோம். மொனிட்டர் வயரை மதர்போர்ட்டில் செருகினோம். ஓன் பண்ணினோம்.

படம் வந்தது.

அந்த ஒரு வேலையால் மொனிட்டர், வயர், மதர்போர்ட், ரம், புரொசெசர் என ஐந்து பேர் விடுதலை. போர்ட் அடிச்சிட்டுது என்ற தீர்ப்பு அங்கேயே விழுந்துவிட்டது. எடிட்டிங் மென்பொருளைத் திறக்கவே இல்லை. வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, மிச்ச மூன்று நேர்காணல்களையும் கொப்பி பண்ணினோம். விடிய ஒன்றரை மணிக்கு அந்த அம்மம்மாவின் வீடியோவை ஒருக்கால் ஓடவிட்டுப் பார்த்தோம். சைக்கிள் கதை வருகிற இடம்வரை பார்த்தோம். பிறகு படுத்தோம்.

இனி மிச்சம் கார்ட்டும் பவர் சப்ளையும். அடுத்த நாள் கார்ட்டை வெளிச்சத்தில் பார்த்தோம். மதர்போர்ட்டில் செருகுகிற பொன்னிறப் பற்கள் மங்கிப்போயிருந்தன. உப்புக்காற்று உள்ள ஊர்களில் இது புதினமில்லை. பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் ஒருக்கால் துடைத்து, காயவிட்டுத் திரும்பச் செருகினோம். கொழுக்கி 'டிக்' என்று பூட்டியது. கார்ட்டுக்குத் தனியாக வரும் ஆறு முள் பவர் வயரையும் இறுக்கிச் செருகினோம். மொனிட்டர் வயரைத் திரும்பக் கார்ட்டுக்கு மாற்றினோம். இது முக்கியம். கார்ட் செருகியிருக்கும்போது பல மதர்போர்ட்கள் தங்கள் சொந்தத் துளையால் படம் அனுப்புவதை நிறுத்திவிடும்.

படம் திரும்ப வந்தது, ஆனால் பிரச்சினை தீரேல்லை. எடிட் செய்யத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அதே சதுரங்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி உதவும்: கோளாறு எப்போது தெரிகிறது? கணினி தொடங்கும் முதல் திரையிலேயே, விண்டோஸ் வருவதற்கு முன்பே கோடும் சதுரமும் தெரிந்தால் கார்ட்டின் வன்பொருளிலோ வயரிலோதான் பழுது. டிரைவரை எத்தனை தரம் மாற்றினாலும் பயனில்லை. விண்டோஸ் வந்த பிறகு மட்டும் என்றால் டிரைவரை ஐமிச்சப்படலாம். பாரமான வேலை செய்யும்போது மட்டும் என்றால் சூடு அல்லது மின். எங்கட கொப்பியைப் புரட்டினால் பதினான்கு தரத்தில் பதின்மூன்று தரம் எடிட் செய்யும்போது.

இருந்தாலும் டிரைவரை விலக்கிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனோம். விண்டோஸில் நிகழ்வுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. திரை டிரைவர் பதிலளிக்காமல் நின்று, பிறகு மீண்டது என்ற கருத்தில் அதில் வரிகள் இருந்தன. கார்ட் இரண்டு செக்கன் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீளத் தொடக்கும். அதுதான் திரை கறுத்தும் குரல் ஓடியதன் காரணம். இந்த வரியைப் பார்த்தவுடன் டிரைவர்தான் பிழை என்று முடிவெடுக்கக் கூடாது. சூட்டில் கார்ட் நின்றாலும் இதே வரிதான் விழும். பாதுகாப்பு முறையில் கணினியைத் தொடங்கி, பழைய டிரைவரை முழுக்கத் துடைக்கும் இலவசக் கருவி ஒன்றால் துடைத்து, கார்ட்டுக்குரிய கடைசி டிரைவரைப் போட்டோம். பழைய கார்ட்களுக்குப் புது டிரைவர்கள் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். என்விடியாவின் கெப்ளர் தலைமுறைக்கு 2021இல் வழமையான புது டிரைவர்கள் நின்றன. அதனால் ஆகப் புதியதைத் தேடக் கூடாது. உங்கள் மொடலுக்கு எது கடைசியோ அதைப் போட வேண்டும். போட்டோம். சதுரங்கள் போகேல்லை. டிரைவரும் விடுதலை.

அடுத்து சூடு. ஜி.பி.யூ-இசட் என்ற சின்ன இலவச மென்பொருள் கார்ட்டின் வெப்பநிலையை விநாடிக்கு விநாடி கோப்பில் எழுதும். சும்மா இருக்கும்போது 54 பாகை. எடிட் தொடங்கி நாலு நிமிடத்தில் 90ஐத் தாண்டியது. சித்திரை வெயில், தகரக் கூரை, மத்தியானம். ஆனால் வெயிலில் மட்டும் பழி போட ஏலாது. விடியப்பறம் ஐந்து மணிக்கு ஓடவிட்டும் 88.

கார்ட்டின் காற்றாடியை விரலால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது. உள்ளே தூசு, நூல், நாலு பேரின் தலைமயிர். காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் தட்டினோம். பிடிக்காமல் ஊதினால் அது வேகமாகச் சுற்றி அச்சைக் கெடுக்கலாம். பிறகு பின்பக்கமுள்ள நாலு திருகாணிகளையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, வெப்பம் கடத்தும் உலோகப் பகுதியைக் கழற்றினோம். சில்லுக்கும் அந்த உலோகத்துக்கும் இடையில் இருக்கவேண்டிய களி காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. அதைத் துடைத்துவிட்டுப் புதுக் களி போட்டோம். ஒரு சின்னக் குழாய் 600 ரூபா. பயறளவு போதும். சில்லைச் சுற்றியுள்ள நினைவகங்களில் மெத்தை மாதிரி ஒட்டியிருப்பதைக் கிழிக்காமல் விட்டோம்.

திரும்பப் பூட்டி ஓடவிட்டால் 71 பாகை. அரை மணித்தியாலம் எடிட் செய்தோம். ஒரு சதுரமும் இல்லை. பிளேன்ரீ போட்டுக் குடித்தோம்.

அன்று பின்னேரம், முழு வீடியோவையும் ஏற்றுமதி செய்ய விட்டபோது கணினி அப்படியே நின்று, தானாகத் திரும்பத் தொடங்கியது. சதுரம் இல்லை, கறுப்புத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. சடாரென்று. எங்களில் ஒருத்தி, கடைக்கார அண்ணா சொன்னது சரிதானோ என்றாள். மற்றவள் கொப்பியைத் திறந்தாள். இது முந்தின அடையாளம் இல்லை. வேறு அடையாளம் என்றால் வேறு நோய். ஒரு பழைய கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பழுது இருக்க ஏலாது என்று எங்கேயும் சட்டமில்லை.

பாரமான நேரத்தில் முழுக் கணினியுமே சடாரென்று மீளத் தொடங்கினால் முதலில் பார்க்கவேண்டியது பவர் சப்ளை. மதர்போர்ட்டின் துளை கார்ட்டுக்கு 75 வாட் வரை கொடுக்கும். ஆறு முள் வயர் இன்னொரு 75, எட்டு முள் வயர் 150. அதில் பெரும்பகுதி வருவது 12 வோல்ட் பாதையால். அந்த 12 வோல்ட் ஐந்து சதவீதம் கூடிக் குறையலாம், அதாவது 11.4 இலிருந்து 12.6 வரை. தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனிடம் மல்டிமீட்டர் இரவல் வாங்கினோம். பாவிக்காமல் தொங்கும் நாலு முள் இணைப்பில் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் அளந்தோம். சும்மா இருக்கும்போது 11.8. ஏற்றுமதி தொடங்கியதும் 11.2க்கு விழுந்தது. பிறகு கணினி நின்றது.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நாங்கள் திறக்கேல்லை, நீங்களும் திறக்க வேண்டாம். வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் இருக்கும் கொள்ளளவிகள் ஆபத்தான மின்னைப் பிடித்து வைத்திருக்கும். அந்தக் கொள்ளளவிகள் வருடங்களோடும் சூட்டோடும் களைத்துப்போவதுதான் இப்படி வோல்ட் விழுவதற்கு வழமையான காரணம். அதை மாற்றுவது மட்டும்தான் வழி. இரண்டாங்கையாக, நல்ல நிலையில் ஒன்று 5,500 ரூபாவுக்கு எடுத்தோம். எடுக்கும் முன் கடையிலேயே மல்டிமீட்டரால் அளந்து பார்த்தோம். விற்றவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "எங்க தங்கச்சியவை படிக்கிறியள், டெக்கா?" என்று கேட்டார். "ஆர்ட்ஸ் அண்ணா" என்றோம்.

ஏற்றுமதி முடிய மூன்று மணித்தியாலம் எடுத்தது. கணினி நிற்கேல்லை.

மொத்தச் செலவு ஓட்டோக் காசையும் சேர்த்து எட்டாயிரத்துக்குள். இதற்காக எல்லாப் பழுதையும் வீட்டில் தீர்க்கலாம் என்று சொல்லவில்லை. சில்லே பழுதாகிவிட்டால் கார்ட் போனதுதான். அப்போது கார்ட்டை அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் உயிர்வரும் என்று சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். சிலவேளை சில நாளைக்கு உயிர் வரும், பிறகு போகும். பிளாஸ்டிக்கும் இரசாயனமும் ஆவியாகிய அடுப்பில் பிறகு சமைக்கவும் ஏலாது.

வேறு கார்ட் வாங்கத்தான் வேண்டும் என்றால் இரண்டாங்கைச் சந்தையில் கவனம் வேண்டும். எதீரியம் என்ற மறைநாணயத்தைக் கார்ட்களைக்கொண்டு அகழ்வது 2022 செப்ரெம்பர் 15உடன் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு இரவு பகலாக ஓடிய கார்ட்கள் உலகமெங்கும் விற்பனைக்கு வந்தன. அப்படி ஓடியதாலேயே ஒரு கார்ட் கூடாது என்றில்லை, ஆனால் காற்றாடியும் களியும் களைத்திருக்கும். விற்பவரிடமே கால் மணித்தியாலம் பாரமாக ஓடவிட்டுப் பாருங்கள். பழைய கார்ட்டுக்குப் புது மொடலின் பெயரை ஏற்றி விற்பதும் உண்டு. ஜி.பி.யூ-இசட் பலவற்றைப் போலி என்றே காட்டிக்கொடுக்கும். பவர் சப்ளை சிறிது என்றால் தனி வயர் கேட்காத கார்ட் பொருந்தும். ஜி.ரி.எக்ஸ் 750 டி.ஐ 60 வாட், 1050 டி.ஐ 75 வாட். உங்களிடம் வி.ஜி.ஏ மொனிட்டர் மட்டும் இருந்தால் இன்னொன்று: 10ஆம் தொடர்க் கார்ட்களிலிருந்து அந்தப் பழைய வகைச் சமிக்ஞை வராது. வெறும் முனை மாற்றி காணாது, சமிக்ஞையை மாற்றும் கொன்வேர்ட்டர் வேண்டும்.

எங்கட கார்ட் இன்னும் ஓடுகிறது. அதைக் கொஞ்சம் ஆறுதலாக விடுகிறோம். பெரிய வீடியோக்களை அப்படியே எடிட் செய்யாமல் குறைந்த தரப் பிரதியில் வெட்டிவிட்டு, ஏற்றுமதியின்போது மட்டும் மூலக்கோப்புக்கு மாறுகிறோம். மத்தியானத்தில் ஏற்றுமதி செய்வதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் தூசு தட்டுகிறோம். நேர்காணல் எடுத்த அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி.

ஆய்வு இரண்டும் நேரத்துக்கு ஒப்படைத்தாயிற்று. இறந்துபோன அம்மம்மாவின் நேர்காணலை அவருடைய மகளுக்கு ஒரு பென்ட்ரைவில் கொண்டுபோய்க் கொடுத்தோம். டைனமோ கதையைப் பார்த்துவிட்டு மகள், அம்மா மிதிச்சது மட்டுமில்லை, டைனமோ வயர் அறுந்தால் அதை ஒட்டுறதும் அவதான் என்றார். எங்கட பதிவில் அது இல்லை. அம்மம்மா சொல்லேல்லை, கேட்கவேணும் என்று எங்களுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. மகளிடம் அதை இன்னொரு நாள் வந்து பதியலாமா என்று கேட்டோம். வரச்சொன்னார்.

வருகிற வருடம் நாங்கள் அறையைக் காலி செய்யும்போது கணினி கனிஷ்ட மாணவிகள் மூன்று பேருக்குப் போகும். கொப்பியும் அதோடு போகும். அதன் முதற்பக்கத்தில் இப்போதைக்கு ஐந்து வரி இருக்கிறது: முதலில் பிரதி எடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. எப்போது நடக்கிறது என்று எழுது. பவர் சப்ளையைத் திறக்காதே. ஆறாவதை நீங்கள் எழுதுங்கோ.